முப்பதாவது இடமும் ஒரு மொட்டைக் கடிதமும்

கல்லூரி வாசலுக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்குப் பொறாமை வராமல் இருக்க முடியாது. ஊரில் உள்ள அத்தனை பேருடைய மதிப்பெண் சான்றிதழும் அவன் கையில்தான் முதலில் விழுகிறது. கண்ணாடிமேல் கவிழ்த்து மூடியை அழுத்துவதற்குள் கணக்கில் எவ்வளவு, இயற்பியலில் எவ்வளவு, அப்பா என்ன வேலை, வீடு எந்தத் தெரு என்று எல்லாவற்றையும் பார்த்துவிடுவேன். பதினேழு வருஷப் பழக்கம். நல்ல மதிப்பெண்ணாக இருந்தால் பிரதியைக் கொஞ்சம் மங்கலாக எடுத்துக் கொடுக்கலாமா என்று விரல் துடிக்கும். அப்படிச் செய்ததில்லை, இரண்டு மூன்று முறை தவிர.

இந்த வருஷம் மட்டும் அந்தத் தொல்லை இருக்காது என்று நினைத்தேன். என் மகள் பள்ளி இறுதித் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு வாங்கியிருந்தாள். அவள் சான்றிதழை நானே பிரதி எடுத்தபோது எனக்கே என்மேல் பொறாமையாக இருந்தது. அவளுக்கு எண்கள் என்றால் உயிர். கடைக்கு வந்து உட்கார்ந்தால், "செவ்வாய்க்கிழமை காலைல பத்துலேருந்து பதினொண்ணுக்குள்ளதான்ப்பா மெஷின்ல பேப்பர் அதிகமா சிக்குது. மூணு மாசமா குறிச்சு வெச்சிருக்கேன்" என்பாள். அவள் படிக்க ஆசைப்பட்டது புள்ளியியல். ஊரில் அந்தப் படிப்பு இருப்பது எதிரே உள்ள கல்லூரியில் மட்டும்தான். அறுபது இடங்கள். சாலையைக் கடந்தால் வகுப்பறை.

இங்கே என் சகலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், மரச்சாமான் கடை வைத்திருப்பவர். மாமனார் வீட்டுக்கு இருவரும் சேர்ந்து போனால் அவருக்குக் கை வைத்த நாற்காலி வரும், எனக்கு ஸ்டூல் வரும். அவர் தும்மினால் நாலு பேர் கைக்குட்டை நீட்டுவார்கள், நான் தும்மினால் எழுந்து ஜன்னலைத் திறப்பார்கள். ஐம்பது வயதில் ஒரு நரைமுடி கிடையாது. போதாக்குறைக்குக் கல்லூரி நிர்வாகக் குழுவில் உறுப்பினர் வேறு. அவர் மகளும் இந்த வருஷம்தான் பள்ளி முடித்தாள். ஐம்பத்தெட்டு. அந்தச் சான்றிதழை மட்டும் எவ்வளவு தெளிவாக வருமோ அவ்வளவு தெளிவாகப் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

"உங்களுக்கு யாரைப் பார்த்தாலும் வயிறு எரியுதுப்பா" என்று என் மகள் அடிக்கடி சொல்வாள். கோபமாகச் சொல்ல மாட்டாள், பேப்பர் சிக்குவதைச் சொல்வதுபோலச் சொல்வாள்.

நாங்கள் சிறுபான்மை மதத்தார். ஊரில் மொத்தம் நானூறு குடும்பம். எங்கள் பெரியவர்கள் நிலம் கொடுத்து, கல் சுமந்து கட்டிய கல்லூரி அது. பின்னால் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க அரசாங்கம் முன்வந்தது. அன்றிலிருந்து கல்லூரி யாருடையது என்ற சண்டை ஓயவில்லை. சுவர் எங்களுடையது, சுவருக்குள் நின்று பேசுகிறவர் அரசாங்கத்து ஆள். கரும்பலகை நிர்வாகத்துக்குச் சொந்தம், அதில் எழுதுகிற கை அரசுக்குச் சொந்தம். சாக்பீஸைப் பற்றி வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அறுபது இடங்களில் முப்பதை எங்கள் மதத்துப் பிள்ளைகளுக்கு நிர்வாகமே கொடுத்துக்கொள்ளலாம், மற்ற முப்பதை அரசாங்கம் மதிப்பெண் வரிசைப்படி நிரப்பும் என்பது ஏற்பாடு. விண்ணப்பம் கொடுத்துப் பார்க்காதவர்களுக்கு இது மிகவும் நியாயமாகவே படும்.

முதலில் நிர்வாகக் குழுவிடம் போனேன். நீண்ட மேசை, அதன் இரு பக்கமும் ஒன்பது பேர், எல்லோர் முன்னாலும் ஆளுக்கொரு தண்ணீர் டம்ளர். மேசையின் கோடியில் கல்லூரி எழுத்தர். எதைக் கேட்டாலும் "மூணு பிரதி" என்று சொல்வதால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. என் கடை ஓடுவதே அவரால்தான். தலைவர் விண்ணப்பத்தைக் கையில் வாங்கிக் கண்ணாடியை மூக்கில் இறக்கினார்.

"பொண்ணு மார்க் என்ன?"

"தொண்ணூத்தி நாலுங்க ஐயா."

அறையில் ஒரு அனுதாப மௌனம் பரவியது. மகளுக்கு ஏதோ தீராத வியாதி என்று சொல்லிவிட்டதைப் போல ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நம்ம பெரியவங்க எதுக்காக இந்தக் கல்லூரியைக் கட்டினாங்க?" என்று தலைவர் எழுந்து நின்றார். "நம்ம புள்ளைங்க பின்தங்கிடக் கூடாதுன்னு. அப்படின்னா இந்த முப்பது எடம் யாருக்கு? பின்தங்கினவங்களுக்கு. உங்க பொண்ணு முன்தங்கிட்டா. முன்தங்கினவளை உள்ள விட்டா பின்தங்கினவன் எங்க போய்த் தங்குவான்? எழுபத்தஞ்சு வருஷமா இந்தக் குழு ராப்பகலா பாடுபடுது. இன்னிக்கும் நம்மாளுங்க பின்தங்கித்தான் இருக்காங்க. அதை எங்களால பெருமையா சொல்லிக்க முடியுது. நீங்க ஒரே நாள்ல அதைக் கெடுக்கப் பாக்குறீங்க."

கைதட்டல் எழுந்தது. மூணு பிரதிகூடத் தட்டினார், மூன்று தரம்.

சகலை எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். சோபாவின் பஞ்சு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற தட்டல் அது. "சகல, இதுக்கெல்லாம் மனசு விடலாமா? அவ மார்க்குக்கு அரசாங்க லிஸ்ட்ல முதல் பேரே அவ பேருதான். பாவம், என் பொண்ணைப் பாருங்க. அவளுக்கு இதை விட்டா வேற வழியே இல்ல."

வேறு வழியே இல்லாதவளுக்கு ராஜபாட்டையே திறந்திருக்கிறது. எத்தனையோ வழிகள் உள்ள என் மகள் தெருவில் நிற்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அரசாங்கப் பட்டியல் கல்வித் துறை இணை இயக்குநர் கையில் இருந்தது. மூன்றாம் மாடியில் அறை. இருபுறமும் கோப்புகள் குவிந்து, அவர் முகம் தெரிய வேண்டுமென்றால் நாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்க வேண்டும். உட்பிரிவு சொல்லாமல் ஒரு வாக்கியம் பேச மாட்டார் என்பதால் வெளியே அவரை உட்பிரிவு என்றே சொல்வார்கள்.

"உங்களுக்குத்தான் சொந்த வீடு இருக்கே" என்றார். "அப்புறம் எதுக்கு வாடகை வீட்டு வரிசையில வந்து நிக்கிறீங்க?"

"சொந்த வீட்டுல சேத்துக்க மாட்டேங்கறாங்க சார்."

"அது உங்க மத விவகாரம். அரசு தலையிடாது. விதி ஏழு, உட்பிரிவு நாலு."

"மார்க் வரிசைன்னுதானே சார் போட்டிருக்கீங்க? மதம் பாத்துன்னு எங்கயும் போடலியே?"

"பாக்கவே மாட்டோம்" என்று அவர் நெஞ்சில் கை வைத்தார். "எங்களுக்கு எல்லா மதமும் ஒண்ணு. நீங்க எந்த மதம்னு விண்ணப்பத்துல கேட்டதே, அதைப் பாக்கக் கூடாதுங்கறதுக்காகத்தான். பாக்கக் கூடாதவங்கன்னு தனியா ஒரு லிஸ்ட் போட்டிருக்கோம். உங்க பொண்ணு பேர் அதுல முதல் பேர்."

எதிலாவது முதல் பேர் வந்ததே என்று நினைத்துக்கொண்டேன். அவர் விளக்கத்தைத் தொடர்ந்தார். "யோசிச்சுப் பாருங்க. உங்காளுங்க இந்த முப்பதுலயும் வந்துட்டா, பெரும்பான்மை அந்தக் கல்லூரியில சிறுபான்மையாயிடும். அப்புறம் அவங்களுக்குன்னு தனியா ஒரு முப்பது ஒதுக்கணும். அறுபதை மூணு முப்பதா பிரிக்கற அளவுக்குக் கணக்குத் தெரிஞ்ச ஆள் எங்க ஆபீஸ்ல இல்ல."

"என் பொண்ணு அதைத்தான் சார் படிக்கணும்கறா."

அவர் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். இரக்கப்பட்டு எழுதுகிறார் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். 'விண்ணப்பதாரர் எதிர்த்துப் பேசினார்' என்று எழுதியிருந்தார்.

அதன்பிறகு என் பொறாமை தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. இத்தனை நாளும் அதிக மதிப்பெண்ணைக் கண்டு எரிந்த வயிறு இப்போது குறைந்த மதிப்பெண்ணைக் கண்டு எரிய ஆரம்பித்தது. ஐம்பத்திரண்டு, நாற்பத்தொன்பது என்று எங்கள் மதத்துப் பிள்ளைகள் கொண்டுவந்து நீட்டும்போது ஒன்றுக்கு இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன். நாற்பத்தாறு வாங்கிய ஒரு பையனிடம், "எப்படிப்பா படிச்சே?" என்று மனமார விசாரித்தேன். அவன் கேலி செய்கிறேன் என்று நினைத்து, பாக்கிச் சில்லறைகூட வாங்காமல் போய்விட்டான்.

அப்போதுதான் மறுமதிப்பீட்டு விண்ணப்பம் கண்ணில் பட்டது. தினமும் நூறு பிரதி எடுக்கிற படிவம்தான். அதன் அடியில் பொடி எழுத்தில், 'மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறையவும் கூடும்' என்று அச்சடித்திருந்ததை அன்றைக்குத்தான் நின்று படித்தேன். தேர்வு வாரியம் எனக்காகவே எழுதி வைத்ததுபோல இருந்தது. நாற்பது மதிப்பெண் குறைய வேண்டாம், ஒரு முப்பது குறைந்தால் போதும், குடும்பம் பிழைத்துக்கொள்ளும்.

"எதுக்குப்பா இது?" என்று கையெழுத்துப் போடும்போது மகள் கேட்டாள்.

"கொஞ்சம் கூடும்மா."

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. இரண்டு மதிப்பெண் கூடியிருந்தது. தொண்ணூற்றாறு. நான் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்துவிட்டேன். மனைவி வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு மார்க் கூடியிருக்கு, மூஞ்சியைப் பாரு, எழவு விழுந்த மாதிரி!" என்றாள். அவளுக்கு நான் எதை விளக்கிச் சொல்வது?

அடுத்த நாள் சகலை கடைக்கு வந்தார். கையில் மகளின் சேர்க்கை ஆணை. நிர்வாகப் பட்டியலில் முப்பதாவது இடம், கடைசி இடம். 'புள்ளியியல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"அம்பது பிரதி போடுங்க சகல. கலர்லயே போடுங்க. சொந்தக்காரங்க எல்லாம் கேக்குறாங்க."

எந்தச் சொந்தக்காரனும் கேட்டிருக்க மாட்டான். நானும் அவருக்குச் சொந்தக்காரன்தான், நான் கேட்கவில்லை. மூடியை அழுத்தினேன். ஐம்பது முறை அந்த வெளிச்சம் என் முகத்தில் போய்ப் போய் வந்தது. ஒரு தாள்கூடச் சிக்கவில்லை. சகலை நின்றுகொண்டே போனில் யாரிடமோ, "ஆமாமா, புள்ளியியல்தான். அது என்னன்னு அவளுக்கும் தெரியல, எனக்கும் தெரியல" என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பட்டப்பகல், கடை வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. 'முப்பதாவது இடத்தைப் பெற்றவரின் தந்தை நம் மதத்தைக் கடைப்பிடிப்பவரே அல்ல. வாராந்தர வழிபாட்டுக்குத் தலைவர் வருகிற வாரம் மட்டும் வருவார். வந்தாலும் குறட்டை விட்டுத் தூங்குவார். இப்படிப்பட்டவரின் மகள் நம் மதத்தின் ஒதுக்கீட்டில் எப்படிச் சேரலாம்?' என்று அடித்தேன். நானும் வழிபாட்டு மன்றத்துப் படி ஏறிப் பதினொரு வருஷம் ஆகிறது. ஆனால் கடிதம் என்னைப் பற்றியது இல்லையே. கீழே 'உண்மை விளம்பி' என்று போட்டு, தலைவருக்கு ஒன்று, உட்பிரிவுக்கு ஒன்று என்று தபாலில் சேர்த்தேன். அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

கடிதம் போன வேகம் என் மகளின் விண்ணப்பத்துக்கு வாய்க்கவில்லை. மூன்றாம் நாளே அரசாங்கத்திடமிருந்து 'பக்திச் சரிபார்ப்பு' என்று அறிவிப்பு வந்தது. அதற்குப் பிரதி எடுத்ததும் நான்தான். வழிபாட்டு நாளன்று உட்பிரிவு இரண்டு உதவியாளர்களுடன் மன்றத்துக்கு வந்தார். ஆனால் மதத்தில் அரசு தலையிடக் கூடாது என்பதால் உள்ளே நுழையவில்லை. படியில் நின்றுகொண்டு, காவலாளியை ஜன்னல் வழியாகப் பார்த்துச் சொல்லச் சொன்னார்.

"மூணாவது வரிசையில இருக்கறவர் என்ன பண்றார்?"

"கண்ணை மூடியிருக்காருங்க."

"பக்தியிலயா, தூக்கத்துலயா?"

"ரெண்டுக்கும் ஒரே மாதிரிதாங்க மூடுவாரு."

உதவியாளர் அதை அப்படியே குறித்துக்கொண்டார். மூன்றாவது வரிசையில் இருந்தது சகலைதான். குறட்டைச் சத்தம் படிவரைக்கும் கேட்டது. அறிக்கையில் அது 'ஆழ்ந்த தியானம் (ஒலியுடன்)' என்று பதிவாயிற்று.

தலைவர் சும்மா விடுவாரா? "நம்ம பக்தியை அளக்குற உரிமை நமக்கு மட்டும்தான். அதுக்காகத்தான் நாம சிறுபான்மையாவே இருக்கோம்!" என்று முழங்கி, பக்தி அளவீட்டுத் துணைக்குழு ஒன்றை அமைத்தார். முப்பது பிள்ளைகளின் குடும்பத்துக்கும் நூற்றுக்கு இத்தனை என்று பக்தி மதிப்பெண் போடுவது என முடிவாயிற்று. அப்போது விவரம் புரியாத ஒரு உறுப்பினர், "பக்தியிலயும் பின்தங்கினவங்களுக்குத்தானே முன்னுரிமை?" என்று கேட்டுத் தொலைத்தார். கூட்டம் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. என் கடிதத்தைச் சீல் வைத்த உறையில் போட்டு, 'விசாரணை நிலுவையில்' என்று எழுதி அலமாரியில் வைத்துவிட்டார்கள். சகலையின் மகள் இடம் போகவும் இல்லை, ஆடவும் இல்லை. எனக்கு மறுபடி பசி நின்றுபோயிற்று.

சேர்க்கைக்குக் கடைசி நாளைக்கு முந்தைய நாள் சகலையின் மகள் கடைக்கு வந்தாள். என் மகளும் அப்போது கடையில் இருந்தாள். இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்தே ஒட்டிக்கொண்டே திரிவார்கள். அந்தப் பெண் ஒரு தாளை நீட்டினாள்.

"பெரியப்பா, இதை மூணு பிரதி எடுங்க."

வழக்கம்போல மூடுவதற்குள் படித்துவிட்டேன். 'எனக்கு அளிக்கப்பட்ட முப்பதாவது இடத்தை என் அக்காவுக்கு விட்டுக்கொடுக்கிறேன்' என்று எழுதியிருந்தது. கீழே அவள் கையெழுத்து, பக்கத்தில் சகலையின் கையெழுத்து.

"எனக்கு இந்தப் படிப்பு வேணாம் பெரியப்பா. முடி வெட்டக் கத்துக்கப் போறேன். அப்பாவுக்கு மாசாமாசம் டை அடிச்சு விடுறதே நான்தானே. மூணு வருஷமா யாருக்காவது தெரிஞ்சுதா?"

ஒரு நிமிஷம் எனக்குக் கையிலிருந்த தாளே மறந்துபோயிற்று. டையா! அந்தக் கருகருவென்ற முடி டையா! வாழ்க்கையில் இப்படியொரு நிம்மதி கிடைக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"உங்கப்பா ஒத்துக்கிட்டாரா?"

"ஒரு நாள் முழுக்கக் கத்தினாரு. அப்புறம், நல்லாப் படிக்கற புள்ள வெளிய நிக்குது, நீ உள்ள போய் என்ன பண்ணப் போறேன்னு அவரே கையெழுத்துப் போட்டாரு. விதியில எடம் இருக்குன்னு எழுத்தர்கிட்டயும் கேட்டுட்டு வந்துட்டாரு. ஒரே மதம், ஒரே குடும்பம்னா மாத்திக்கலாமாம். மார்க் எல்லாம் பாக்க மாட்டாங்களாம்."

என் மகள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் அழுதார்கள், சிரித்தார்கள். நான் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பெருந்தன்மை என்று ஒன்று எங்கள் குடும்பத்துக்கு வர இருந்தது, அதையும் அந்த மனுஷன் எனக்கு முன்னால் போய் வாங்கிக்கொண்டார் என்று எரிந்தது.

மறுநாள் மூன்று மணிக்குக் கல்லூரிக் கூடத்தில் கூடினோம். நான்கு மணியோடு சேர்க்கை முடிகிறது. நிர்வாகக் குழு மேசையின் ஒரு பக்கம், உட்பிரிவு மறு பக்கம். மேசை எங்களுடையது, மேசைமேல் இருந்த கோப்பு அரசாங்கத்தினுடையது. என் மகள் புதுப் பேனாவோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களைப் பென்சிலால் முன்கூட்டியே குறித்து வைத்திருந்தாள், ஏழு இடம்.

தலைவர் அரைமணி நேரம் பேசினார். முன்தங்கிய ஒருத்தி பின்தங்கிய ஒருத்தியின் இடத்துக்கு வருவதால் அவளும் அந்த அளவுக்குப் பின்தங்கியவளாகவே கருதப்படுவாள் என்று அறிவித்தார். எல்லோரும் தட்டினார்கள். அடுத்து உட்பிரிவு கோப்பைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டி ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"ஆட்சேபணை இல்லை. ஆனா முப்பதாவது எடத்து மேல ஒரு புகார் நிலுவையில இருக்கு. புகார் உள்ள எடத்தை மாத்தக் கூடாது. விதி பதினொண்ணு, உட்பிரிவு ரெண்டு."

எல்லோரும் கோப்பை எட்டிப் பார்த்தார்கள்.

"புகாரைத் தள்ளுபடி பண்ணிடுங்களேன்" என்றார் சகலை.

"விசாரிச்சு முடிக்காம தள்ளுபடி பண்ண முடியாது. உங்க பக்தி அளவீட்டுக் கூட்டம் தேதி குறிக்காம நிக்குது. புகார் கொடுத்தவர் தானா வந்து வாபஸ் வாங்கலாம், அதுக்கு வழி இருக்கு. ஆனா அவர் யாருன்னு தெரியாது."

"எவன் அந்த உண்மை விளம்பி?" சகலை கையை ஓங்கி மேசையில் அறைந்தார். "என் கையில மட்டும் கெடைச்சான்னா! நேருக்கு நேர் சொல்லத் துப்பில்லாத பய! என்ன சகல, நான் சொல்றது?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

சுவரில் மணி மூன்று ஐம்பத்திரண்டு. என் மகள் எழுந்து என் அருகே வந்தாள். "எட்டு நிமிஷம் இருக்குப்பா. யாருன்னு கண்டுபிடிக்க முடியாதாப்பா?" என்று மெல்லக் கேட்டாள். குரல் உடைந்திருந்தது. எண்களைப் பற்றிப் பேசும்போது அவள் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. அந்த எட்டு நிமிஷத்தில் ஒரு நிமிஷத்தை வீணாக்கினேன். சகலை என்னைப் பார்த்து என்ன நினைப்பார் என்றுதான் அப்போதும் யோசித்தேன். அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பிறகு எழுந்தேன்.

"நான்தான் எழுதினேன். வாபஸ் வாங்கிக்கறேன்."

சகலை என்னை உற்றுப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. எட்டி நடந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"பாத்தீங்களா ஐயா! பெத்த மனசைப் பாத்தீங்களா! பொண்ணு படிக்கணுங்கறதுக்காக எவனோ செஞ்ச அயோக்கியத்தனத்தைத் தன் தலைமேல தூக்கிப் போட்டுக்கறாரு!"

"இல்ல சகல, நெசமாவே நான்தான்..."

"போதும் சகல. உங்களை எனக்குத் தெரியாதா?"

"வேணும்னா சொல்றேன், கேளுங்க. தலைவர் வர்ற வாரம் மட்டும் வருவார், வந்தாலும் குறட்டை விடுவார்னு எழுதினேன்!"

"நான் குறட்டை விடுறது ஊருக்கே தெரியுமே!" என்று அவர் இன்னும் இறுக்கி அணைத்தார்.

உட்பிரிவு மட்டும் பேனாவைத் திறந்தார். "எழுதினதுக்குச் சான்று இருக்கா?"

"என் கடைக் கம்ப்யூட்டர்ல இருக்கு சார்."

"கம்ப்யூட்டர்ல யார் வேணா அடிக்கலாம். கடிதத்துல உங்க கையெழுத்து இருக்கா?"

"மொட்டைக் கடிதத்துல எப்படி சார் கையெழுத்து இருக்கும்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். கையெழுத்து இருந்தா அது மொட்டைக் கடிதம் இல்ல. கையெழுத்து இல்லன்னா அது உங்க கடிதம் இல்ல. நீங்கதான் எழுதினீங்கன்னு பொறுப்புள்ள அதிகாரி யாராவது கையொப்பம் போட்ட சான்றிதழ் கொண்டு வாங்க, பாக்கலாம்."

"மூணு பிரதி" என்றார் மூணு பிரதி.

நான்கு மணி அடித்தது. எழுத்தர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, முப்பது என்ற எண்ணுக்கு எதிரே 'காலி' என்று எழுதி, கீழே கோடு போட்டார். அது எங்கள் இடமா, அரசாங்கத்தின் இடமா என்று தலைவருக்கும் உட்பிரிவுக்கும் அப்போதே வாக்குவாதம் ஆரம்பித்துவிட்டது. அதை நிறுத்திவிட்டுத் தலைவர் என் பக்கம் வந்து, "இப்படி ஒரு தகப்பன் நம்ம மதத்துல இருக்கார்னா அதுக்கு இந்தக் குழுதான் காரணம்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒன்பது பேரும் வரிசையாகக் குலுக்கினார்கள். யாரோ எனக்குக் கை வைத்த நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார்கள். ஓரமாக நின்ற சகலையின் முகத்தில், வாழ்நாளில் முதல் தடவையாக, என்னைப் பார்த்து ஒரு பொறாமை தெரிந்தது.

என் மகள் பேனாவை மூடினாள். படிவத்தை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் சான்று எதுவும் கேட்கவில்லை.